ஆர்சி கார் பாடியில் சுத்தமாக ஓட்டை போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்சி கார், அதாவது ரிமோட்டில் ஓடும் மாடல் காரின் மோட்டார், பேட்டரி, கியர் பற்றி என்னிடம் கேட்பவர்கள் குறைவு. புது பாடியைக் கையில் வைத்துக்கொண்டு "இதில் எங்கே குத்துவது?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். நாள் கணக்கில் உட்கார்ந்து பெயின்ட் அடித்த பாடியில், கடைசி ஐந்து நிமிடத்தில் அரை சென்டிமீட்டர் தள்ளி ஓட்டை போட்டவனின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே வைத்திருக்கிறேன். 1/10 அளவு (நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு) காரை மனதில் வைத்துதான் பதில்கள். மற்ற அளவுகளுக்கு எங்கே மாறுமோ அங்கே சொல்கிறேன். பாடி என்றால் காரை மேலே மூடும் மெல்லிய பிளாஸ்டிக் கூடு, பெரும்பாலும் பெயின்ட் அடிக்கும்வரை கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும். சேசிஸ் என்றால் மோட்டாரும் சக்கரங்களும் உட்காரும் அடிச்சட்டம். போஸ்ட் என்றால் சேசிஸிலிருந்து மேலே நிற்கும், பாடியைத் தாங்கும் கம்பு, அது பாடியைத் தாண்டி மேலே வரத்தான் ஓட்டை. கிளிப் என்றால் பாடிக்கு மேலே அந்தக் கம்பில் செருகும் வளைகம்பி.

பாடிய பிரிச்சுப் பாத்தா ஒரு ஓட்டைகூட இல்ல. கம்பெனிக்காரங்க மறந்துட்டாங்களா?

மறக்கவில்லை, வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். ஒரே பாடி பத்து விதமான சேசிஸில் உட்காரும். ஒன்றில் முன் போஸ்ட் பம்பருக்குப் பக்கத்தில் இருக்கும், இன்னொன்றில் ஷாக் டவரில் (ஷாக் அப்சார்பரின் மேல்முனையைப் பிடிக்கும் தட்டு) இருக்கும். யாருக்கு எங்கே வேண்டும் என்று தயாரிப்பவருக்கு எப்படித் தெரியும்?

காரோடு சேர்ந்து கிட்டாக வரும் பாடிகளில் சில சமயம் ஓட்டை வரவேண்டிய இடத்தில் சின்னக் குழியோ வட்டமோ அச்சிலேயே இருக்கும். அந்தக் கிட்டின் சேசிஸுக்கே அந்தப் பாடியை மாட்டுகிறீர்கள் என்றால் அதை நம்பலாம். வேறு சேசிஸ் என்றால் அந்தக் குழியைக் கண்டுகொள்ளவே வேண்டாம்.

லெக்ஸான் பாடின்னு ஒருத்தர் சொல்றார், பாலிகார்பனேட்னு இன்னொருத்தர் சொல்றார். ரெண்டும் வேறயா?

ஒன்றுதான். பாலிகார்பனேட் என்பது பொருளின் பெயர், லெக்ஸான் அதற்கு ஜெனரல் எலெக்ட்ரிக் வைத்த வியாபாரப் பெயர். 1953-இல் ஜெர்மனியில் பேயர் நிறுவனத்திலும் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக்கிலும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். போட்டோகாப்பியை ஜெராக்ஸ் என்று சொல்லிப் பழகிவிட்டோம் இல்லையா, அதே கதைதான்.

இந்தப் பிளாஸ்டிக்கின் குணம் ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மடக்கினால் மடங்கும், சுவரில் மோதினாலும் நசுங்கி எழுந்து நிற்கும். ஆனால் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு வெட்டோ பிசிறோ இருந்தால், அடுத்த மோதலில் விரிசல் சரியாக அந்த இடத்திலிருந்துதான் கிளம்பும். சுத்தமான ஓட்டை வேண்டும் என்று நான் மல்லுக்கட்டுவது அழகுக்காக இல்லை. பிசிறுள்ள ஓட்டை ஏற்கெனவே பாதி கிழிந்த ஓட்டை.

என்னென்ன சாமான் வேணும்? வீட்ல இருக்கறத வெச்சே சமாளிக்கலாமா?

ஒன்றை மட்டும் வாங்கியே ஆகவேண்டும்: பாடி ரீமர். பார்க்க கேரட் மாதிரி இருக்கும். நுனி ஊசி போலக் கூர், மேலே போகப்போகப் பருத்து 14 மில்லிமீட்டர் வரை வரும், அதற்கும் பெரியதும் உண்டு. பக்கவாட்டில் நீளமாக வெட்டு முனைகள் ஓடும். எவ்வளவு ஆழம் விடுகிறீர்களோ அவ்வளவு பெரிய ஓட்டை. அதனால் ஒரே கருவியில் எல்லா அளவும் வரும்.

மற்றவை அநேகமாக வீட்டிலேயே கிடைக்கும். நுனி கூரான ஹாபி கத்தி, மெல்லிய முனை மார்க்கர், மாஸ்கிங் டேப், 400, 600 எண் உப்புத்தாள். கையால் சுற்றும் சின்ன டிரில்லும் 2 மில்லிமீட்டர் பிட்டும் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கத்தி நுனியை ஒரே இடத்தில் வைத்துப் பம்பரம் மாதிரி மெதுவாகச் சுழற்றினாலே ஆரம்ப ஓட்டை விழும்.

டிரில் மெஷின் இருக்கு. 6 எம்எம் பிட் போட்டு ஒரே அடியா அடிச்சா முடிஞ்சுது, எதுக்கு ரீமர்?

ஒரு பழைய பாடியின் வெட்டிப்போட்ட துண்டில் அடித்துப் பாருங்கள், பதில் உடனே தெரியும். பாடியின் தடிமன் 1 மில்லிமீட்டருக்கு முன்னே பின்னேதான். ரேஸ் பாடி இன்னும் மெலிசு. பிட்டின் கூர்முனை மறுபக்கம் வெளியே போன பிறகுதான் அதன் முழு அகலம் உள்ளேயே வருகிறது. அந்த நேரத்தில் பிட்டைப் பிடித்து நேராக வைக்க ஒன்றும் இல்லை. ஆட்டம் போட்டு, முக்கோணம் மாதிரி ஓட்டை விழும். அதைவிட மோசம், பிட்டின் வெட்டுமுனை பிளாஸ்டிக்கைக் கொக்கிபோட்டு இழுத்து, பாடியையே கையிலிருந்து பிடுங்கிச் சுற்றும்.

படிப்படியாக அகலும் ஸ்டெப் பிட் பரவாயில்லை. அதையும் மெஷினில் மாட்டாமல், பிட்டைக் கையில் பிடித்துச் சுற்றினால் ரீமர் அளவுக்கே சுத்தமாக வரும். மெஷினில்தான் போடுவேன் என்றால் மிக மெதுவான வேகத்தில், பாடிக்கு அடியில் மரக்கட்டையை அண்டைக் கொடுத்து.

சால்டரிங் அயர்ன சுட வெச்சு குத்தினா வெண்ணெய் மாதிரி இறங்குதே?

இறங்கும், அதுதான் சிக்கலே. பாலிகார்பனேட் 147 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளக ஆரம்பிக்கிறது. சால்டரிங் அயர்ன் முனை 300 டிகிரியைத் தாண்டி இருக்கும். உருகிய பிளாஸ்டிக் ஓரத்தில் மேடாகத் திரண்டு உறையும், பெயின்ட் கருகும், புகை மூக்கில் ஏறும், ஓட்டை எந்த அளவில் நிற்கும் என்பது உங்கள் கையில் இல்லை. அயர்ன் முனையும் பாழ். தொடவே தொடாதீர்கள் என்பதுதான் என் பதில்.

சரி, எங்க குத்தணும்னு எப்படிக் குறிக்கறது?

இந்த வேலையில் நேரத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். ஓட்டை போட ஐந்து நிமிடம், குறிக்க அரைமணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பாடியின் கீழ் ஓரத்தையும் சக்கர வளைவுகளையும் வெட்டி முடித்துவிடுங்கள். வெட்டாத பாடி சேசிஸில் ஒழுங்காக உட்காராது. பிறகு ஓட்டப்போகும் அதே டயர்களை மாட்டி, காரைச் சமதளத்தில் வைத்து, பெயின்ட் அடிக்காத பாடியை மேலே கவிழ்த்துங்கள். வெளிப்பக்கப் பாதுகாப்புப் படலத்தை உரிக்க வேண்டாம், அதன்மேல்தான் குறிக்கப் போகிறோம்.

இப்போது பாடி போஸ்ட்களின் தலையில் நிற்கும். முன் போஸ்ட் உயரமாகவும் பின் போஸ்ட் குட்டையாகவும் இருந்து பாடி சாய்ந்திருந்தால் அப்படியே குறிக்காதீர்கள். சாய்ந்த பாடியில் வைத்த குறி, நிமிர்ந்த பாடிக்குப் பொருந்தாது. போஸ்ட் உயரத்தை மாற்றியோ, தாழ்ந்த பக்கம் போஸ்ட் தலையில் ஏதாவது அட்டையை மடித்து வைத்தோ பாடியைச் சமன் செய்யுங்கள். அடுத்து நான்கு சக்கரமும் வளைவுகளின் நடுவில் இருக்கின்றனவா என்று பக்கவாட்டில் பாருங்கள். பிறகு முன்னால் நின்று, இடது வலது டயர்கள் பாடிக்கு வெளியே ஒரே அளவு தெரிகின்றனவா என்று பாருங்கள். எல்லாம் சரி என்றால் பாடியை மாஸ்கிங் டேப்பால் டயரோடு சேர்த்து ஒட்டிவிடுங்கள், அசையக் கூடாது.

குறிக்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு, திறந்த கண்ணைப் போஸ்டுக்கு நேர் மேலே கொண்டு வாருங்கள். சற்றே சாய்ந்து பார்த்தால் போஸ்டின் தலையும் அதன் கீழ்ப்பகுதியும் இரண்டு வட்டமாகப் பிரிந்து தெரியும். நேர் மேலே வந்ததும் இரண்டும் ஒன்றாகி ஒரே வட்டமாகிவிடும். அந்த நொடியில் நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். வட்டம் வரைய வேண்டாம், புள்ளி போதும். மூச்சை இழுத்துப் பிடித்து வைக்கும் புள்ளி இது.

சக்கரங்கள் எவ்வளவு நகர்த்தியும் வளைவுக்கு நடுவில் வராவிட்டால் தப்பு உங்களுடையது இல்லை, பாடியின் வீல்பேஸ் (முன் பின் சக்கரங்களுக்கு நடுவிலான தூரம்) வேறு. 1/10 டூரிங் கார்களில் 257 மில்லிமீட்டர் அதிகம் புழங்குகிறது. ஜப்பானிய நிறுவனமான டாமியாவின் சின்ன எம் சேசிஸ் வகையில் 210, 225, 239 என்று மூன்று உண்டு. முன் வளைவின் நடுவிலிருந்து பின் வளைவின் நடுவுக்கு அளந்து பார்த்துவிட்டு மேலே போங்கள்.

நாலு புள்ளியும் வெச்சாச்சு. நாலையும் ஒரே மூச்சுல போட்டுடலாமா?

வேண்டாம். முன்னால் இரண்டை மட்டும் முடித்து, பாடியை அந்தப் போஸ்ட்களில் இறக்கிப் பாருங்கள். பிறகு பின்பக்கப் புள்ளிகள் இன்னும் போஸ்டுக்கு நேராக இருக்கின்றனவா என்று மேலே சொன்ன ஒற்றைக்கண் முறையில் மறுபடி பாருங்கள். பலமுறை 1, 2 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். முன் ஓட்டை கொஞ்சம் தள்ளிப் போயிருக்கலாம், பாடி இறங்கும்போது சற்றுப் பின்னால் போயிருக்கலாம். புதுப் புள்ளி வைத்து அதில் போடுங்கள். முன்னால் செய்த பிழை முன்னாலேயே நின்றுவிடும், பின்னால் வராது.

போஸ்ட் 6 எம்எம். அப்போ ஓட்டையும் 6 எம்எம் தானே?

6.5 முதல் 7 வரை. இறுக்கமாக 6 என்று போட்டால், மோதும்போது பாடி அசைய இடமில்லாமல் முழு விசையும் ஓட்டையின் ஓரத்தில் விழும், அங்கேயே கிழியும். மாட்டும்போதும் கழற்றும்போதும் வேறு மல்லுக்கட்ட வேண்டும். 8, 9 என்று தாராளமாகப் போட்டால் பாடி ஆடி, டயரில் உரசி, கொஞ்ச நாளில் ஓட்டையும் நீள்வட்டமாகத் தேயும்.

என் பழக்கம், பின் ஓட்டைகள் 6.5, முன் ஓட்டைகள் 7. அடி முதலில் வாங்குவது முன்பக்கம்தானே, அதற்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கொடுப்பேன். போஸ்டின் அளவை மட்டும் கேள்விப்பட்டதை நம்பாமல் அளந்து பாருங்கள். 1/8 கார்களில் இது மாறும்.

ரீமர எப்படிப் பிடிக்கணும்? வெளிய இருந்து சுத்தணுமா, உள்ள இருந்தா?

முதலில் ரீமரில் 6.5 மில்லிமீட்டர் வரும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே மாஸ்கிங் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். அளவு அதன் மேலேயே பொறித்திருந்தாலும் சுற்றுங்கள். வேலையில் இருக்கும்போது எண்ணைப் பார்க்க மாட்டீர்கள், டேப் கண்ணில் படும். புள்ளியில் 2 மில்லிமீட்டர் ஆரம்ப ஓட்டை போட்ட பிறகு, ரீமரை நேராக நிறுத்தி, அழுத்தாமல் திருகுங்கள். கூர்மையான ரீமர் என்றால் மெல்லிய சுருள் சுருளாகப் பிளாஸ்டிக் வரும். பொடிப்பொடியாக உதிர்ந்தாலோ கிறீச்சென்று சத்தம் வந்தாலோ அழுத்தம் அதிகம், அல்லது ரீமர் மழுங்கிவிட்டது. டேப்புக்கு 1 மில்லிமீட்டர் முன்னாலேயே நிறுத்தி, போஸ்டில் மாட்டிப் பாருங்கள். பிறகு மறுபக்கத்திலிருந்து இரண்டு சுற்று. ரீமர் கூம்பு வடிவம் என்பதால் ஒரு பக்கம் மட்டும் சுற்றினால் ஓட்டையும் லேசாகச் சாய்ந்திருக்கும், பிசிறு மறுபக்கம் தள்ளப்பட்டிருக்கும். இரண்டு பக்கமும் சுற்றினால் இரண்டும் சரியாகிவிடும்.

கடைசியில் உப்புத்தாளைப் பென்சில் மாதிரிச் சுருட்டி ஓட்டைக்குள் விட்டு நாலு சுற்று, முதலில் 400, அப்புறம் 600. நகத்தை ஓரத்தில் ஓட்டிப் பாருங்கள், எங்கேயும் தட்டக்கூடாது.

இன்னொன்று. பாடியைத் தாங்கும் கையின் உள்ளங்கை ஓட்டைக்கு நேர் கீழே இருக்கவே கூடாது. 2 மில்லிமீட்டர் ஓட்டையில் சிக்கி நின்ற ரீமர், சட்டென்று விட்டுக்கொடுக்கும்போது எங்கே போய் நிற்கும் என்பதற்கு என் இடது கையில் ஒரு தழும்பு சாட்சி.

ஓட்டைய பெயின்ட்டுக்கு முன்னாடி போடணுமா, பின்னாடியா?

முன்னாடி. இதில் இரண்டு கருத்து உண்டு, என் கருத்து இதுதான். உள்ளே தெரிகிறது, குறிப்பது எளிது, தப்பினாலும் பெயின்ட் வேலை வீணாகாது. ஓட்டை போட்டதும் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் உள்பக்கத்தைக் கழுவிக் காயவைத்தால் துகள், கைரேகை எல்லாம் போய்விடும்.

மறக்கக் கூடாதது ஒன்று: வெளிப்பக்கம் ஒவ்வொரு ஓட்டையின்மீதும் மாஸ்கிங் டேப் ஒட்டி மூடுங்கள். பாலிகார்பனேட் பாடிக்கு உள்பக்கம்தானே பெயின்ட் அடிக்கிறோம். ரீமர் போன இடத்தில் பாதுகாப்புப் படலம் லேசாகத் தூக்கியிருக்கும். மூடாவிட்டால் பெயின்ட் அந்த இடுக்கு வழியாக வெளியே வந்து படலத்துக்கு அடியில் பூப்பூவாகப் படரும். படலத்தை உரிக்கும் நாளில்தான் அது தெரியும்.

அதெல்லாம் சரி, நான் பெயின்ட் அடிச்சு முடிச்சுட்டேன். உள்ள ஒண்ணுமே தெரியல. இப்ப என்ன பண்றது?

பயப்பட வேண்டாம். போஸ்டின் தலையில் பற்பசையோ லிப்ஸ்டிக்கோ ஒரு பொட்டு வையுங்கள். முன்பு சொன்னபடியே பாடியைச் சமன் செய்து மெதுவாக இறக்கி, லேசாக அழுத்தித் தூக்குங்கள். உள்பக்கம் தடம் விழுந்திருக்கும். அதன் நடுவில் கத்தி நுனியால் உள்ளிருந்து ஒரு சின்னப் புள்ளி குத்தி, 2 மில்லிமீட்டர் ஓட்டையாக்கிக்கொள்ளுங்கள். லிப்ஸ்டிக்கை விடப் பற்பசை எனக்குப் பிடிக்கும், துடைத்தால் போய்விடுகிறது.

இன்னொரு வழி காந்தம். சின்ன நியோடிமியம் காந்தம் ஒன்றைப் போஸ்ட் தலையில் இரட்டைப்பக்க டேப்பால் ஒட்டி, பாடியை இறக்கி, இன்னொரு காந்தத்தை மேலே விட்டால் அதுவே ஓடிப்போய் நேர் மேலே நிற்கும். அதைச் சுற்றி மாஸ்கிங் டேப்பில் குறித்துக்கொள்ளலாம். பாடி மெலிசு என்பதால் நன்றாகவே பிடிக்கும்.

பெயின்ட் அடித்த பாடியில் ரீமரைப் பெரும்பாலும் உள்பக்கத்திலிருந்து சுற்றுங்கள். வெளியிலிருந்து சுற்றினால் வெட்டுமுனை பெயின்ட்டைப் பாடியிலிருந்து பிரித்துத் தள்ளும், ஓரம் செதில் செதிலாக உரியும். உள்ளிருந்து சுற்றினால் பெயின்ட்டைப் பாடியோடு சேர்த்து அழுத்தும். வெளியிலிருந்து கடைசியாக ஒரே ஒரு சுற்று, பிசிறுக்காக மட்டும்.

பின் போஸ்ட் சரிவான கண்ணாடி வழியா வருது. வட்டமா போட்டா போஸ்ட் உள்ளயே போக மாட்டேங்குது.

சரிவில் வட்ட ஓட்டை வேலைக்காகாது. நேராக நிற்கும் உருளை சாய்ந்த தகட்டைத் துளைத்தால் வெட்டுமுகம் நீள்வட்டம். 6 மில்லிமீட்டர் போஸ்ட், 30 டிகிரி சரிவு என்றால் நீளம் கிட்டத்தட்ட 7 வேண்டும். 45 டிகிரி என்றால் 8.5. பாடியின் தடிமன் வேறு தடுக்கும். 45 டிகிரியில் 1 மில்லிமீட்டர் தடிமன் இன்னொரு 1 மில்லிமீட்டரைக் கேட்கும். இதற்கு மேல்தான் அந்த அரை மில்லிமீட்டர் தளர்வு. ஆக 45 டிகிரி சரிவில் குறுக்கே 6.5, மேல்கீழாக 10 என்று ஆகிவிடுகிறது.

முதலில் 6.5 மில்லிமீட்டர் வட்டம் ஒன்று போடுங்கள். பிறகு சரிவின் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் மட்டும் சின்ன உருண்டை அரத்தால் ராவுங்கள். பக்கவாட்டில் அரத்தைப் படவிடாதீர்கள். ரீமரைச் சாய்த்துப் பிடித்தும் செய்யலாம், ஆனால் வழுக்கும். கிளிப் சரிவில் தட்டையாக உட்காராது என்பதால் ஆப்பு மாதிரிச் சரிவாக வெட்டிய ரப்பரோ பஞ்சு வாஷரோ அடியில் கொடுங்கள். முடிந்தால், போஸ்ட் கண்ணாடிச் சரிவில் வராமல் டிக்கியின் தட்டையான பகுதியில் வரும்படி போஸ்ட் மவுன்ட்டை ஒரு துளை பின்னால் தள்ள முடிகிறதா என்றும் பாருங்கள்.

தப்பான இடத்துல போட்டுட்டேன். பாடி அவ்ளோதானா?

2, 3 மில்லிமீட்டர் தள்ளிப்போயிருந்தால், சரியான இடத்தை நோக்கி அரத்தால் நீட்டி, அகலமான வாஷர் போட்டு மூடிவிடலாம். யாரும் கவனிக்க மாட்டார்கள். முழுசாகத் தள்ளிப்போயிருந்தால் பழைய ஓட்டையை மூடிப் புதிது போடுங்கள். வெட்டிப்போட்ட பாடித் துண்டில் ஓட்டையைவிட எல்லாப் பக்கமும் 1 சென்டிமீட்டர் பெரிய வில்லையாக வெட்டி, உள்பக்கம் ஷூ ஒட்டும் ரப்பர் பசையால் ஒட்டி ஒரு இரவு விடுங்கள். வெளியே ஸ்டிக்கர். ரேஸ் கார்களில் நம்பர் ஸ்டிக்கருக்கு அடியில் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று உரித்துப் பார்த்தால் தெரியும்.

பழைய ஓட்டைக்கும் புதியதற்கும் நடுவில் 4, 5 மில்லிமீட்டர் பாலம்தான் மிஞ்சுகிறது என்றால் அந்தப் பாலம் நிற்காது. இரண்டையும் சேர்த்து அடியில் ஒரே பெரிய வில்லையாக ஒட்டி, அந்த வில்லையிலேயே புது ஓட்டையைப் போட்டுவிடுங்கள்.

கார எங்கயும் இடிக்கவே இல்ல. ஆனா ஓட்டையைச் சுத்தி சிலந்தி வலை மாதிரி விரிசல். எப்படி?

அநேகமாக ரசாயனம். பாலிகார்பனேட்டுக்கு ஆகாத சில திரவங்கள் உண்டு: அசிட்டோன், மோட்டார் கிளீனர் ஸ்ப்ரே, திருகு கழன்றுவிடாமல் போடும் திரெட்லாக்கர். போஸ்ட் திருகில் போட்ட திரெட்லாக்கர் வழிந்து ஓட்டையின் ஓரத்தைத் தொட்டிருந்தால் போதும். இறுக்கமான ஓட்டையில் ஏற்கெனவே இழுவிசை இருக்கிறது, மேலே ரசாயனமும் பட்டால் விரிசல் தானாக ஓடும். பாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஸ்ப்ரே அடிக்க வேண்டும், திரெட்லாக்கர் காய்ந்த பிறகுதான் பாடியை மாட்ட வேண்டும். பாடியைத் துடைக்கச் சோப்புத் தண்ணீர் போதும்.

விரிசல் விழுந்துடுச்சு. இன்னும் ஓடாம நிறுத்த வழி?

விரிசலின் நுனியைக் கண்டுபிடியுங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மயிரிழையாக மின்னும். சரியாக அந்த நுனியில் 1.5 அல்லது 2 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று. கூர்மையான நுனிதான் விரிசலை இழுத்துக்கொண்டு போகிறது. அது வட்டமாகிவிட்டால் விசை பரவிப்போகும், விரிசல் நிற்கும். நுனிக்கு முன்னாலேயே ஓட்டை போட்டுவிட்டால் பிரயோஜனம் இல்லை, நுனி ஓட்டைக்கு அந்தப் பக்கம் தொடர்ந்து ஓடும்.

அப்புறம் உள்பக்கம் சுவர் வெடிப்புக்கு ஒட்டும் கண்ணாடியிழை வலை டேப்பை வைத்து, மேலே முன் சொன்ன ரப்பர் பசையைத் தடவுங்கள். புதுப் பாடியிலேயே நான்கு ஓட்டையைச் சுற்றியும் இதைச் செய்துவிடுகிறவர்கள் உண்டு. குதிக்கவிட்டு ஓட்டுபவர்களுக்கு நானும் அதைத்தான் சொல்வேன். ரேஸ் ஓட்டுபவர்களுக்கு அந்த எடை பிடிக்காது.

ஓட்டை போட்டாச்சு, ஆனா போஸ்ட் பாடிக்கு மேல கொம்பு மாதிரி நிக்குது. எவ்ளோ வெட்டணும்?

அவசரப்படாதீர்கள். பாடி வேண்டிய உயரத்தில் நிற்கும்போது சஸ்பென்ஷனை முழுக்க அமுக்கிப் பாருங்கள், டயர் பாடியைத் தொடக்கூடாது. தொடாத உயரத்தில் கிளிப் போட்டு, கிளிப்புக்கு மேலே இன்னும் ஒரு கிளிப் துளையாவது மிஞ்சும்படி வெட்டுங்கள். நாளைக்கே பெரிய டயர் மாட்டினால் பாடியை உயர்த்த வேண்டிவரும். வெட்டிய முனையை உப்புத்தாளில் உருட்டி விடுங்கள். சொரசொரப்பான போஸ்ட் முனை, நீங்கள் மெனக்கெட்டுப் போட்ட ஓட்டையை ஒவ்வொரு தடவையும் சுரண்டும்.

நைட்ரோ காருக்கு இஞ்சின் தலைக்கும் எண்ணெய் ஊத்தறதுக்கும் பெரிய ஓட்டை வேணும். ரீமர் பத்தாதே?

பத்தாது. நைட்ரோ என்றால் மின்மோட்டாருக்குப் பதில் எரிபொருள் இஞ்சினில் ஓடும் கார். வட்டத்தை வரைந்து, அதற்குள்ளே ரீமரால் 10 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, அங்கிருந்து வளைந்த முனைக் கத்தரியால் சுருள் சுருளாக வெளியே வெட்டிக்கொண்டு போங்கள். கோட்டுக்கு 1 மில்லிமீட்டர் உள்ளேயே நிறுத்தி, மீதியை உப்புத்தாள் உருளையால் கோடு வரை தேயுங்கள். வளைவுகள் எல்லாம் உருண்டையாக இருக்க வேண்டும், கூரான மூலை ஒன்று இருந்தாலும் விரிசல் அங்கிருந்துதான். இஞ்சின் தலையைச் சுற்றித் தாராளமாக இடம் விடுங்கள், அது சுடும், அதிரும்.

என் பாடி லெக்ஸான் இல்ல, கெட்டி பிளாஸ்டிக். அதுக்கும் இதே முறைதானா?

குறிக்கும் முறை அதேதான், ஆனால் உள்ளே தெரியாது என்பதால் பற்பசை அல்லது காந்தம். பாறை ஏறும் கிராலர் கார்களில் வரும் இந்த ஏபிஎஸ் பாடி தடிமனானது, வளையாது. இதில் டிரில் ஒழுங்காக வேலை செய்யும், பிட் பிடிமானமாக நிற்கத் தடிமன் இருக்கிறதே. 2, 4, 6, 6.5 என்று பிட்டை ஏற்றிக்கொண்டே போங்கள், வேகம் குறைவாக, அடியில் மரக்கட்டை வைத்து. வேகமாகப் போனால் உருகி பிட்டில் ஒட்டும். உள்பக்கம் முட்டு விலா ஓடுகிறதா என்று முதலில் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். பெயின்ட்டும் வேறு: டாமியாவில் பாலிகார்பனேட்டுக்குப் பிஎஸ் வகை, கெட்டி பிளாஸ்டிக்குக்கு டிஎஸ் வகை.

ஏரியலுக்குத் தனியா ஒரு ஓட்டை போடணுமா?

பழைய 27 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ என்றால் ஆம், நீள ஏரியல் குழாய் வெளியே வர வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவுக்குக் குட்டி ஏரியல், பாடிக்குள்ளேயே நிமிர்த்தி வைத்தால் போதும். தேவையில்லாத ஓட்டை எதற்கு?

ஓட்டையே போடாம மாட்ட முடியாதா?

முடியும். போஸ்ட் தலையில் காந்தம் வைத்துப் பாடிக்கு உள்ளே இன்னொன்றை ஒட்டுவது, பக்கவாட்டில் வெல்க்ரோ, கிளிப் இல்லாத மவுன்ட் என்று பல வழிகள். அலமாரியில் வைக்கும் காருக்கும் மெதுவாக ஓட்டும் காருக்கும் அருமை. வேகமாக ஓட்டி மோதும் காரில் காந்தம் பாடியை அங்கேயே விட்டுவிட்டு வரும்.

அதே பாடியில இன்னொண்ணு வாங்கியிருக்கேன். திரும்ப முதல்ல இருந்து அளக்கணுமா?

வேண்டாம், பழைய பாடியே அச்சு. ஒரே அச்சில் வந்த பாடிகள் ஒன்றுக்குள் ஒன்று உட்காரும். பழையதைக் கழுவிக் காயவைத்து, வாஷர் ஸ்டிக்கர் எல்லாம் எடுத்துவிட்டு, புதுப் பாடியை அதன்மேல் கவிழ்த்துங்கள். மூக்கும் கூரையும் நன்றாகப் பொருந்தும்வரை அழுத்தி டேப் ஒட்டினால், பழைய ஓட்டைகள் புதுப் பாடி வழியாகத் தெரியும். நடுவில் புள்ளி வையுங்கள்.

பழைய ஓட்டை தேய்ந்து நீண்டிருந்தால் அதன் நடு, உண்மையான நடு இல்லை. எந்தப் பக்கம் பளபளவென்று தேய்ந்திருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்க ஓரத்திலிருந்து முதலில் போட்ட ஓட்டையின் பாதி அளவை, 6.5 என்றால் 3.25, 7 என்றால் 3.5 மில்லிமீட்டரை, அளந்து புள்ளி வையுங்கள். அடிபட்டு வளைந்த பழைய பாடி என்றால் முன்பக்கப் புள்ளிகளை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொண்டு, பின்பக்கத்தைக் காரில் வைத்தே குறியுங்கள்.